வில்லையும் ஏடும்: விளையாட்டில் உடைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அண்மைக் காலத்திலே கணினி விளையாட்டுத் துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்டுள்ள பொருள்களுள் ஒன்று, ஆட்டத்தினுள் ஆடுவோர் ஈட்டும் பொருள்கள் யாருக்கு உரியவை என்பதாகும். வாள், கேடயம், நிலம், வளர்ப்பு விலங்கு என்றவாறு திரையிலே தோன்றும் இப்பொருள்களைப் பெறுவதற்கு ஆடுவோர் பல நூறு மணி நேரத்தைச் செலவிடுகின்றனர். பலர் பணமும் கொடுக்கின்றனர். ஆயினும் விளையாட்டை நடத்தும் கம்பனி தன் கணினிகளை நிறுத்திவிடின் அவையனைத்தும் மறைந்துவிடும். இக்குறையைத் தீர்க்கும் வழியாகவே ‘பிளாக்செயின்’ எனப்படும் தொடரேடு முன்வைக்கப்பட்டது. ஒரு கம்பனியின் கையில் மாத்திரம் இராது, பல கணினிகளிற் பரந்து கிடக்கும் கணக்கேடு அது. அவ்வேட்டில் ஒருவர் பெயரிற் பதியப்பட்ட பொருளைக் கம்பனி தன் விருப்பப்படி அழித்துவிட முடியாது. உரியவர் அதனை விற்கலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், தாமே வைத்துக்கொள்ளலாம் என்பது அதனை ஆதரிப்போரின் வாதம்.

இவ்வாதத்தை மறுப்போரும் உளர். பணமாக மாறக்கூடிய பொருளை ஆட்டத்தினுட் புகுத்தின் ஆட்டம் தொழிலாகிவிடும். இன்பம் கெட்டுவிடும் என்பது அவர்தம் கூற்று. ஆட்டத்தின் இன்பத்தையும் ஆடுவோரின் உடைமையையும் ஒருசேரப் பேணுவது எவ்வாறு என்பதே இத்துறையின் மையப் பிரச்சினை எனலாம்.

பிரச்சினை புதியதாகத் தோன்றினும் அதன் கூறுகள் பழையவை. வட்டவளை, ஹற்றன், நுவரெலியா ஆகிய பகுதிகளிற் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே வாழ்ந்த தமிழ் மக்கள் வில்லை, ஏடு, உடைமை, ஆட்டம் என்னும் நான்கையும் தம் வாழ்க்கையிற் கண்டவர்கள். வில்லையை அவர்கள் கையிற் கொடுத்த தோட்டம், ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மறுபுறத்தில், அம்மக்கள் தமக்குரியதாகத் தாமே நடத்திய ஆட்டமும் அங்கு நிலைத்தது. இவ்விரண்டையும் கணினி விளையாட்டின் வரலாற்றோடு ஒப்புநோக்கின், உடைமை உண்மையில் எங்கே தங்குகின்றது என்பது தெளிவாகும். அவ்வொப்பீடே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்ட வில்லைகள்

வட்டவளை, நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதப் பாதையை ஒட்டி அமைந்த ஊர். இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. 1874 இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதப் பாதை, மலையேறி ஹற்றனை எட்டியது 1884 இலாகும். அடுத்த ஆண்டில் அது நானுஓயாவைச் சேர்ந்தது. இப்பாதை அமைந்த காலமே கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலமுமாகும். 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலைநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் முகமே மாறிற்று.

கோப்பி ஓங்கியிருந்த காலத்திலே கூலி கொடுப்பதற்கு வேண்டிய சில்லறை நாணயம் போதியளவு கிடைக்கவில்லை. ரூபாவும் சதமும் கொண்ட நாணய முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 1872 இலேயே. இத்தட்டுப்பாட்டைச் சமாளிக்கும்பொருட்டு, கோப்பி வணிகத்தில் ஈடுபட்ட ஆங்கிலேயக் கம்பனிகளும் தோட்டங்களும் செம்பிலும் பித்தளையிலும் தம் பெயர் பொறித்த வில்லைகளை வெளியிட்டன. கொழும்பிலிருந்த ஜோர்ஜ் வால் கம்பனி போன்றவற்றின் வில்லைகள் நாணயச் சேகரிப்பாளரிடையே நன்கு அறியப்பட்டவை. கோப்பிப் பழம் பறித்தோரும் கொட்டை தெரிந்தோரும் செய்த வேலைக்கு அடையாளமாக வில்லையைப் பெற்றனர். பின்னர் அதனைக் கொடுத்துக் காசு பெற்றுக்கொண்டனர்.

இவ்வில்லையின் தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. அது தொழிலாளியின் கையில் இருந்தது. மடியில் முடிந்து வைத்துக்கொள்ளத்தக்கதாயும் இருந்தது. எனினும் அதனை வெளியிட்ட கம்பனி ஏற்றாலன்றி அதற்கு உலோக மதிப்புக்கு மேல் மதிப்பில்லை. வில்லை ஒன்றுக்கு எவ்வளவு காசு, அதனை எங்கு எப்பொழுது மாற்றலாம் என்பவற்றையும் கம்பனியே தீர்மானித்தது. வெளியிட்டவரின் உறுதிமொழியிற் தங்கியிருக்கும் பணத்துக்கு நேரக்கூடிய கதியை 1884 ஆம் ஆண்டு நாடறியக் காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஒரியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுக்களை வைத்திருந்தோர் கலங்கினர். ஆளுநர் ஆதர் கோடன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கப் பொறுப்பு அளித்தமையாலேயே அவர்கள் தப்பினர். அதன் பின்னர் நோட்டு வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே மேற்கொண்டது. பெரும் வங்கியொன்றின் தாளை அரசாங்கம் காத்தது. தோட்டமொன்றின் பித்தளை வில்லைக்கு அத்தகைய காவல் எதுவும் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வில்லை தோன்றிற்று. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் கட்டி அழைத்துவரப்பட்டோரின் கழுத்திலே தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த தகர வில்லையொன்று தொங்கவிடப்பட்டது. வழிச்செலவை எத்தோட்டத்தின் கணக்கிற் பற்று வைப்பது என்பதை அறிவதற்கு அது பயன்பட்டது. முன்னைய வில்லை தொழிலாளிக்கு உரியதொரு தொகையைக் குறித்தது. இவ்வில்லையோ தொழிலாளி எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் குறித்தது.

பெயரும் துண்டும்

வில்லையைக் காட்டிலும் வலிமை வாய்ந்ததாகத் தோட்டத்தில் விளங்கியது ஏடு. காலையிற் பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கு எடுக்கப்பட்டு, மாலையிற் செக்ரோல் எனப்படும் பதிவேட்டிலே பெயர் பதியப்படும். ஒரு நாட் கூலிக்குத் தோட்ட வழக்கில் ‘பேர்’ என்றே பெயர் வழங்கிற்று. கொழுந்தின் நிறை குறைந்தாலோ வேலை முடியவில்லை என்று கருதப்பட்டாலோ ‘அரைப்பேர்’ மாத்திரம் போடப்பட்டது. நாள் முழுதும் மழையில் நின்று கொழுந்து பறித்தவரின் உழைப்பு, கணக்கப்பிள்ளையின் பேனாவினாலேயே முழுப் பேராகவோ அரைப்பேராகவோ ஆயிற்று. அவ்வேட்டைத் திருத்தும் அதிகாரம் உழைத்தவருக்கு இல்லை. எழுத்தறியாதார் பலர் வாழ்ந்த காலத்தில் அதனைப் படித்து அறியும் வாய்ப்புக்கூடப் பெரும்பாலார்க்கு இருக்கவில்லை.

ஏட்டுக்கும் தொழிலாளிக்கும் இடையே கங்காணி நின்றார். ஆட்களைத் திரட்டி, வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்து, அம்முற்பணத்தைக் கடனாக எழுதிக்கொண்டவர் அவர். தம் கீழுள்ளோர் வேலைக்கு வந்த நாளெல்லாம் தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிமாருக்குக் காசு கிடைத்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளிக்குத் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கொடுத்துத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என எழுதப்பட்ட சீட்டே துண்டு. துண்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறும்போது, அதனோடு மனிதரும் கைமாறினர், கடன் பெருகிற்று. தொழிலாளியை விடுவிக்கும் சீட்டாகத் தோன்றிய துண்டு, நடைமுறையில் அவரைக் கட்டும் சீட்டாயிற்று. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931 இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஏட்டின் ஆதிக்கம் தோட்டத்தோடு முடியவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாட்டின் ஏட்டிலும் இடமற்றவராயினர். 1964 இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கை வைத்துப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லய அறைக்கும் உரித்துப் பத்திரம் இருக்கவில்லை. இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை ஒன்றுண்டு. பொருள் கையில் இருப்பது உடைமையின் ஒரு பாதி. அப்பொருளைப் பதியும் ஏட்டிலும் அதன் விதிகளிலும் உரியவருக்குக் குரல் இருப்பது மறு பாதி. மறு பாதி இல்லாதவிடத்து முதற் பாதி நிலைப்பதில்லை. கணினி விளையாட்டின் வரலாறும் இவ்வளவுகோலினால் அளக்கத்தக்கதே.

கணினி உலகிற் பொருள் சேர்த்தல்

பல்லாங்குழியிலும் தாயத்திலும் உடைமைப் பிரச்சினை எழவில்லை. பலகையும் சோழியும் புளியங்கொட்டையும் ஆடுவோர் வீட்டிலேயே இருந்தன. விதிகள் அவர்தம் நினைவில் இருந்தன. ஆட்டத்திற் குவித்த முத்துக்கள் ஆட்டம் முடிந்ததும் மீண்டும் பொதுவாயின. இணையத்தின் வழியாகப் பல்லாயிரவர் ஒன்றுகூடி ஆடும் விளையாட்டுகள் தோன்றியதும் நிலைமை மாறிற்று. 1997 இல் ‘அல்டிமா ஒன்லைன்’, 1999 இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004 இல் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராவ்ற்’ ஆகியன வெளிவந்தன. இவற்றிலே ஆட்டம் ஒருநாளும் முடிவதில்லை. சேர்த்த பொருள் நாளும் பெருகும். பலகை கம்பனியிடம் இருக்கும்.

ஆடுவோர் தாம் சேர்த்தவற்றை ஆட்டத்துக்கு வெளியே உண்மைப் பணத்துக்கு விற்கத் தொடங்கினர். 2001 இல் எட்வேட் கஸ்ட்ரோனோவா என்னும் பொருளியலறிஞர் ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டின் கற்பனை நாட்டை ஆராய்ந்து, அங்கு ஆள்வீத உற்பத்தி உலகிலுள்ள சில மெய்யான நாடுகளின் அளவுக்கு உள்ளது எனக் கணித்தார். விளையாட்டுப் பொருளுக்கும் பொருளாதாரம் உண்டு என்பது அறிஞர் கவனத்துக்கு வந்தது அப்போதேயாகும். 2003 இல் தோன்றிய ‘செகண்ட் லைஃப்’ தன்னுள் ஆடுவோர் ஆக்கியவற்றின் ஆக்கவுரிமை அவர்களுக்கே உரியது என அறிவித்தது. ஏனைய கம்பனிகள் பெரும்பாலும் பொருளெல்லாம் தமக்கே உரியவை என்றும், ஆடுவோர்க்கு உள்ளது பயன்படுத்தும் அநுமதி மாத்திரமே என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்தன.

உடைமையும் சந்தையும் ஆட்டத்தினுள் நேரே நுழைந்தால் யாது நேரும் என்பதற்கு 2012 இல் வெளிவந்த ‘டயப்லோ’ விளையாட்டின் மூன்றாம் பகுதி சான்றாயிற்று. அரக்கரை அழித்து அரிய படைக்கலங்களைத் தேடிப் பெறுவதே அதன் இன்பம். கம்பனி அதனுள் ஏலச் சந்தையொன்றை அமைத்து, அப்படைக்கலங்களை உண்மைப் பணத்துக்கு விற்கவும் வாங்கவும் இடமளித்தது. தேடிப் பெறுதலினும் வாங்குதல் எளிதாகவே, தேடுதல் பொருளிழந்தது. ஏலச் சந்தை ஆட்டத்தின் அடிப்படையைக் கெடுக்கின்றது என்பதைக் கம்பனியே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் மாதத்தில் அதனை மூடிவிட்டது. அங்கு பிளாக்செயின் எதுவும் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேடு தொழில்நுட்பத்தால் வந்ததன்று. ஆட்டத்தின் நோக்கத்தைச் சந்தை விழுங்கியமையால் வந்தது.

தொடரேட்டு விளையாட்டுகள்

பிளாக்செயின் முதன்முதலாக 2009 இல் பிட்கொயின் என்னும் பணத்தின் பொருட்டு இயங்கத் தொடங்கியது. 2015 இல் இயங்கத் தொடங்கிய எதீரியம், பணக்கணக்கை மாத்திரமன்றி விதிகளையும் ஏட்டிற் பதிய வழிசெய்தது. அதன் கருத்தை முன்வைத்த விட்டாலிக் பியூட்டரின், தாம் இளமையில் ஆடிய ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராவ்ற்’ விளையாட்டிலே தமக்குப் பிரியமான மந்திரமொன்றின் வலிமையைக் கம்பனி ஒருநாள் குறைத்துவிட்டதையும், அதனால் தாம் அழுததையும், மையத்தில் ஒருவர் கையில் அதிகாரம் குவிவதன் கொடுமையை அன்று உணர்ந்ததையும் கூறியுள்ளார். வேடிக்கை கலந்த இக்கூற்றில் வரலாற்று உண்மையொன்று உண்டு. அவரிடமிருந்து பொருள் எதுவும் பறிக்கப்படவில்லை, மாற்றப்பட்டது விதியே.

2017 நவம்பரில் வெளிவந்த ‘கிரிப்டோகிற்றீஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாயிற்று. ஒவ்வொன்றும் தனித்தன்மை வாய்ந்த பூனைப் படங்களை வாங்கி, இணைத்து, குட்டிகளைப் பெறுவது அவ்விளையாட்டு. ஒரு மாதத்துக்குள் எதீரியம் வலையமைப்பே நெருக்கடிக்குள்ளாகும் அளவுக்கு அதற்குக் கூட்டம் சேர்ந்தது. பூனைகள் உரியவரின் உடைமையாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றை வைத்து ஆடுதற்கு வேறொன்றும் அதிகம் இருக்கவில்லை. விலை உயரும் என்ற எதிர்பார்ப்பு நீங்கியதும் கூட்டமும் கலைந்தது.

உடைமை இருந்தும் ஆட்டம் இல்லாது போன நிலையும் விரைவில் ஏற்பட்டது. ‘எஃப் 1 டெல்ரா ரைம்’ என்னும் காரோட்ட விளையாட்டிலே 2019 இல் ஒரு காரின் வில்லை ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. போட்டியின் பெயரைப் பயன்படுத்தும் அநுமதி புதுப்பிக்கப்படாமையால் 2022 மார்ச்சில் அவ்விளையாட்டு நிறுத்தப்பட்டது. வில்லை ஏட்டில் உரியவர் பெயரில் இருந்தது. ஓட்டுதற்குப் பாதை இல்லை. நடத்தியோர் மாற்று வில்லைகளை வழங்கியபோதிலும் வாங்கியவர் விரும்பிய ஆட்டம் திரும்பவில்லை. கம்பனி ஏற்காத தோட்ட வில்லை வெறும் பித்தளையே என்னும் பழைய பாடம் இங்கு மீண்டும் மெய்யாயிற்று.

புதிய கங்காணிகள்

இத்துறையின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் முழுமையாகக் காட்டுவது ‘அக்ஸி இன்பினிற்றி’ என்னும் விளையாட்டு. வியட்நாமின் ஹோ சி மின் நகரிலுள்ள ஸ்கை மேவிஸ் என்னும் கம்பனி 2018 முதல் அதனை நடத்தி வந்தது. அக்ஸி எனப்படும் சிறு விலங்குகள் மூன்றை வைத்துப் பிறரோடு பொருதுவது ஆட்டம். வெற்றி பெற்றோர்க்கு எஸ்.எல்.பி. எனப்படும் வில்லைகள் கிடைக்கும். அவற்றைச் சந்தையில் விற்றுப் பணமாக்கலாம். 2020 இலும் 2021 இலும் பெருந்தொற்றினால் வேலையிழந்திருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் பலர் இதனையே பிழைப்பாகக் கொண்டனர். 2021 இன் பிற்பகுதியில் நாளொன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை ஆடினர்.

ஆட்டத்தினுள் நுழைவதற்கு மூன்று அக்ஸிகளை விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. 2021 நடுப்பகுதியில் அதற்குப் பல நூறு டொலர் வேண்டியதாயிற்று. அத்தொகை இல்லாதவர்க்கு அக்ஸிகளை இரவல் கொடுத்து ஆடச்செய்து, ஈட்டத்திற் பங்கு பெறும் முறை தோன்றியது. இரவல் பெற்றோர் ‘புலமைப்பரிசிலாளர்’ என்றும் கொடுத்தோர் ‘முகாமையாளர்’ என்றும் அழைக்கப்பட்டனர். இம்முறையைப் பெருமளவில் நடத்திய யீல்ட் கில்ட் கேம்ஸ் என்னும் அமைப்பு ஆடுவோர்க்கு 70 வீதம், முகாமையாளர்க்கு 20 வீதம், தனக்கு 10 வீதம் எனப் பங்கிட்டது. முகாமையாளர் பலர் நாளொன்றுக்கு இவ்வளவு வில்லை ஈட்டவேண்டும் என அளவு விதித்தனர். அளவு குறைந்தோரை நீக்கி வேறொருவரைச் சேர்த்தனர்.

மலைநாட்டு வரலாற்றை அறிந்தார்க்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. ஆள் சேர்ப்பவர், முதலீட்டை முன்வைப்பவர், தலைக்கு இவ்வளவு எனப் பங்கு பெறுபவர், அளவு குறையின் பேரைக் குறைப்பவர் ஆகியோர் அனைவரும் இங்கு உளர். வேறுபாடுகளையும் மறைத்தல் ஆகாது. இங்கு கடன் தலைமுறைக்குத் தொடரவில்லை. ஓட்டமெடுத்தோரைச் சிறையிடும் சட்டம் இல்லை. ஆடுவோர் விரும்பியபோது விலகலாம். கங்காணி முறையின் கொடுமையை இதனோடு சமப்படுத்தல் வரலாற்றுக்கு அநீதியாகும். எனினும் ஆடுவோரின் உடைமை என்று புகழப்பட்ட ஒன்றிலே ஆடுவோருட் பெருந்தொகையினர் உடைமையற்றவராயும் உடைமையாளர் ஆடாதவராயும் இருந்தனர் என்பது மறுக்கவியலாதது.

பொருளாதார அமைப்பிலும் அடிப்படைக் குறை இருந்தது. போரிடுவோர் நாள்தோறும் வில்லைகளை ஆக்கினர். அவ்வில்லைகளைச் செலவிடும் முக்கிய வழி புதிய அக்ஸிகளை இனப்பெருக்கம் செய்தல். புதிய அக்ஸிகளை வாங்குவோர் புதிதாக ஆட்டத்தினுள் வருவோர். வருவோர் தொகை வளருமட்டும் வில்லைக்கு விலையிருந்தது. வளர்ச்சி நின்றதும் ஆக்கப்பட்ட வில்லைகள் தேங்கின. 2021 கோடையில் 30 அமெரிக்கச் சதத்துக்கு மேல் விலைபோன எஸ்.எல்.பி. 2022 மே மாதத்தில் ஒரு சதத்துக்கும் கீழே இறங்கிற்று. பிரெஞ்சு அறிஞர் ரொஜே கயுவா 1958 இலேயே, ஆட்டத்திலே உடைமை கைமாறுமேயன்றிப் புதிய செல்வம் ஆக்கப்படுவதில்லை என எடுத்துக்காட்டியிருந்தார். ஒருவர் ஆடி ஈட்டியது இன்னொருவர் கொடுத்த பணமே. அப்பணத்தைக் கொடுப்பவர் ஆட்டத்தின் இன்பத்துக்காகக் கொடுத்தால் அது நிலைக்கும். தாமும் ஈட்டலாம் என்னும் ஆசையாற் கொடுத்தால் நிலையாது.

ஏட்டின் காவலும் உறுதியாக இருக்கவில்லை. அக்ஸி விளையாட்டுக்கென அமைக்கப்பட்ட ரொனின் என்னும் தொடரேட்டிலிருந்து வெளியே செல்லும் பணத்துக்கு ஒன்பது காவற்கணினிகளுள் ஐந்தின் ஒப்புதல் போதுமாயிருந்தது. அவற்றுள் நான்கு நடத்திய கம்பனியிடமே இருந்தன. 2022 மார்ச் மாதத்தில் கள்வர் ஐந்தின் சாவிகளைக் கைப்பற்றி, ஏறத்தாழ 62 கோடி டொலர் பெறுமதியுள்ள பொருளைக் கொண்டுசென்றனர். ஆறு நாள் வரை அதனை எவரும் அறியவில்லை. வடகொரியாவோடு தொடர்புடைய குழுவொன்றே இதனைச் செய்தது என அமெரிக்கப் புலனாய்வுத் துறை பின்னர் அறிவித்தது. எல்லோர்க்கும் பொதுவான ஏடு எனக் கூறப்பட்டது, உண்மையில் ஒரு கம்பனியின் மேசையிலேயே பெரும்பாலும் இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

காமன்கூத்தின் சான்று

தோட்ட வாழ்க்கையின் மறுபுறத்தை இங்கு நோக்குதல் வேண்டும். வில்லையும் துண்டும் செக்ரோலும் ஆண்ட அதே தோட்டங்களிலே மாசி மாதந்தோறும் காமன்கூத்து ஆடப்பட்டது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரியுண்ட கதையும் ரதியின் புலம்பலும் அக்கூத்தின் பொருள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலைநாட்டு மக்களின் தலையாய கூத்துக்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. பகலிற் கொழுந்து பறித்தோரும் கவ்வாத்து வெட்டியோருமே இரவில் மதனாகவும் ரதியாகவும் தூதனாகவும் வீரபத்திரனாகவும் தோன்றினர். தப்பு முழங்கப் பாட்டை வாய்வழியாகக் கற்றவர்களே பாடினர்.

அக்கூத்திலே உடைமை எங்கிருந்தது என்பதே வினா. பாட்டு, வேடம், முறை, களம் ஆகிய எவையும் விற்பனைக்குரியனவாக இருக்கவில்லை. மதன் வேடம் இட்டவர் அதனால் ஈட்டியது பணமன்று. ஊராரின் மதிப்பும் நேர்த்தி நிறைவேறிய மனநிறைவுமே. கூத்தின் ஏடு அவர்தம் நினைவிலேயே இருந்தமையால் தோட்டத்துரையாலோ கணக்கப்பிள்ளையாலோ அதனைத் திருத்த இயலவில்லை. தோட்டங்கள் கை மாறின. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கூத்து ஆடுவோரிடமே இருந்தது. லயத்து அறைக்கு உரித்தில்லாத மக்கள் தம் ஆட்டத்துக்கு முழு உரித்துடையராக விளங்கினர்.

இதனை மிகைப்படுத்துதலும் தகாது. தப்படித்தல் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதனை அடித்தோர் அக்காரணத்தாலேயே இழிவாக நோக்கப்பட்டனர். ரதி வேடத்தையும் மரபாக ஆடவரே தாங்கினர். பெண்கள் களத்துக்கு வெளியே நின்றனர். பொதுவுடைமை என்பது சமவுடைமை ஆகிவிடுவதில்லை. எனினும் ஆட்டத்தின் விதிகள் ஆடுவோர் சமூகத்தின் கையில் இருந்தமையால், அக்குறைகளைத் தட்டிக்கேட்கும் இடமும் அச்சமூகத்துள்ளேயே இருந்தது.

அமைப்புக்கு வேண்டுவன

இவ்வரலாற்றினின்று கணினி விளையாட்டை அமைப்போர்க்கு உரிய கருத்துக்கள் சிலவற்றைப் பெறலாம்.

முதலாவது, வில்லையின் விலை பூச்சியமாயினும் ஆடுதற்குரியதாக ஆட்டம் இருத்தல் வேண்டும். ‘டயப்லோ’ விளையாட்டைக் காத்தது சந்தையை மூடியமையே. ‘அக்ஸி’ விளையாட்டை நடத்தியோரும் 2022 இல் வெளியிட்ட புதிய வடிவத்தில் முதல் மூன்று விலங்குகளையும் இலவசமாக அளித்தனர். ஆட்டத்தின் வாயிலில் முதலீட்டைக் கேளாது இன்பத்தை முன்வைத்தலே முறை என்பதை அவர்கள் இழப்பின் வழியாகக் கற்றனர் எனலாம்.

இரண்டாவது, வெற்றியைத் தரும் ஆற்றல் விற்பனைப் பொருளாதல் கூடாது. உடை, கொடி, வீடு, ஆடுவோர் தாமே ஆக்கிய கலைப்பொருள் போன்றவை உடைமையாதலால் ஆட்டத்தின் நீதி கெடாது. வலிய வாளை வாங்கலாம் என்ற நிலை வந்தால் திறமைக்கு இடமில்லை. திறமைக்கு இடமில்லாதவிடத்து ஆட்டமும் இல்லை.

மூன்றாவது, ஆக்கப்படும் வில்லைக்கும் செலவாகும் வில்லைக்கும் சமநிலை வேண்டும். அச்செலவு புதிதாக வருவோரை நம்பியதாக இராது, ஏற்கெனவே ஆடுவோர் விரும்பிச் செய்யும் செயல்களிலிருந்து எழவேண்டும்.

நான்காவதே முதன்மையானது. பொருளை ஏட்டிற் பதிந்து கொடுத்து, விதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் கம்பனி கோப்பிக் காலத்து வில்லையையே மீண்டும் வெளியிடுகின்றது. விதி மாற்றத்தில் ஆடுவோர்க்குக் குரல் இருத்தல், கம்பனி விலகினும் ஆட்டம் தொடரும்படி அதன் மூலக்கட்டளைகள் வெளிப்படையாக இருத்தல், ஏட்டின் காவல் ஒருவர் கையிற் குவியாதிருத்தல் ஆகியனவே உடைமையின் மறு பாதி. 2020 இல் தோன்றிய ‘டாக் ஃபொரஸ்ற்’ என்னும் விண்வெளி விளையாட்டு இத்திசையில் ஒரு முயற்சி. அதிலே பொருள் மாத்திரமன்றி ஆட்டத்தின் விதிகளும் தொடரேட்டிலேயே எழுதப்பட்டன; ஆடுவோர் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே ஆக்கி அதனோடு இணைத்துக்கொண்டனர். ஈட்டும் ஆசையை முன்வைக்காத அவ்விளையாட்டைச் சிறு கூட்டமே ஆடிற்று. ஆயினும் அக்கூட்டம் ஆட்டத்துக்காகவே கூடிற்று.

முடிவுரை

‘ஆடி ஈட்டலாம்’ என்னும் அழைப்பு எல்லோரையும் ஒரே விதமாகச் சென்றடைவதில்லை. வேறு வழிகள் குறைந்தோரையே அது முதலில் ஈர்க்கின்றது. பிலிப்பைன்சில் நிகழ்ந்தது அதுவே. கைப்பேசி லயங்களிலும் புழங்கும் இந்நாளில் மலைநாட்டு இளைஞரையும் அது எளிதில் எட்டக்கூடியது. இலங்கை மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் இத்தகைய மெய்நிகர் நாணயங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்துள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது. கணினித் துறையிற் கற்கும் இளைஞருட் சிலர் நாளை இவ்விளையாட்டுகளை ஆடுவோராக மட்டுமன்றி அமைப்போராகவும் விளங்குவர். அவர்க்குத் தம் முன்னோரின் வரலாறு வெறும் துயரக் கதையாக மாத்திரம் பயன்படவேண்டுவதில்லை. கழுத்தில் வில்லை அணிந்து மலையேறியவர்கள், ஏட்டிலே தம் பெயர் சரியாக ஏறவேண்டும் என்பதற்காகச் சங்கம் அமைத்துப் போராடினர். எவர் ஏட்டிலும் ஏறாத கூத்தைத் தலைமுறைகளாகக் காத்தனர். விளையாட்டில் உடைமை என்பதை வகுக்க முற்படும் எவர்க்கும் இவ்விரு செயல்களும் உரைகல்லாக அமையும்.